பொராமினிபெரா: சொல்லை உடைத்துப் பார்த்துச் சரியாக எழுதுவது எப்படி

போன மாதம் ஒரு சனிக்கிழமை மருமகள் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள். யாரோ ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த குறிப்பு அது. அதில் ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தாள்: "கடலடி அடையலில் பொராமினிபெரா பரிசோதனைகள் பெருமளவில் காணப்படுகின்றன."

"மாமா, கடலுக்கு அடியில் போய் யார் இவ்வளவு பரிசோதனை செய்தது?" என்று கேட்டாள்.

கேட்க வேண்டிய கேள்விதான். மூலத்தில் இருந்திருக்கக்கூடிய சொல் 'டெஸ்ட்'. பள்ளிக்கூடத்தில் எழுதுகிற டெஸ்ட் அல்ல. பொராமினிபெரா என்பவை பெரும்பாலும் கடலில் வாழ்கிற மிகச் சின்ன ஒருகல உயிரிகள், அவற்றின் ஓட்டுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் அது. எழுத்து ஒன்றாக இருப்பதால் மொழிபெயர்த்தவர் நேரே பரிசோதனை என்று போட்டுவிட்டார், அதைப் பிள்ளைகள் அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. தமிழில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைக்கு வரி விளங்காவிட்டால் தனக்குத்தான் மூளை போதாது என்று நினைத்துக்கொள்ளும், வரியில்தான் பிழை என்று அதற்குத் தெரியாது. அதனால் இந்த ஒரு சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படித் தமிழில் எழுதுவது, எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் சொல்லை இரண்டாக உடையுங்கள். இலத்தீனில் 'பொராமென்' என்றால் துளை. உயிரியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல, மண்டையோட்டின் அடியில் முண்ணாண் இறங்குகிற பெருந்துளைக்கும் இதே சொல்தான் பெயரில் இருக்கிறது. பின்பாதி 'பெர்' என்பது சுமத்தல், தாங்குதல். கூம்பைத் தாங்குகிற மரம் கொனிபர் ஆனது இதே வழியில்தான். ஆக பொராமினிபெரா என்றால் துளை தாங்கிகள்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் ஒரு பிழை விடுகிறார்கள், நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓட்டின் மேற்பரப்பில் சல்லடை போல நுண்துளைகள் இருப்பதால் இந்தப் பெயர் வந்தது என்று பல இடங்களில் எழுதியிருக்கும். பல இனங்களின் ஓட்டில் அப்படி நுண்துளைகள் இருப்பது உண்மை, ஆனால் பெயர் வந்தது அதனால் அல்ல. பெயர் வைத்தவர் பிரான்சைச் சேர்ந்த அல்சிட் தோர்பிஞி, ஆண்டு 1826. அவர் இவற்றை ஒருகல உயிரிகள் என்று அறியவில்லை, கணவாயின் உறவுக்காரரான மிகச் சின்ன உயிரிகள் என்று நினைத்தார். பிழை என்றாலும் நியாயமான பிழை, ஏனென்றால் சுருண்டு அறை அறையாக இருக்கும் இந்த ஓடு பார்வைக்கு, கணவாயின் உறவான நோட்டிலஸ் என்ற உயிரியின் ஓட்டின் குட்டி வடிவம் மாதிரியே இருக்கும். ஆனால் நோட்டிலஸ் ஓட்டில் எல்லா அறைகளையும் ஊடுருவி ஒரு குழாய் ஓடும். இந்தச் சின்னவற்றில் அந்தக் குழாய் இல்லை, அறைக்கும் அறைக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவரில் வெறும் துளை மட்டும் இருந்தது. குழாய் உள்ளவை ஒரு பக்கம், துளை உள்ளவை இன்னொரு பக்கம் என்று பிரிக்கத்தான் அவர் இந்தப் பெயரை வைத்தார். பெயரில் உள்ள துளை வெளித்துளை அல்ல, உள்துளை.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகிற கோச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது, அதன் வழியாக ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு நடக்கலாம். அந்த வாசல்தான் பொராமென். ஜன்னல்கள் அல்ல. இந்த உயிரி வளர வளர ஓட்டின் முனையில் புதிதாக ஓர் அறையைக் கட்டிக்கொள்கிறது, அப்போது அதுவரை வெளியே திறந்திருந்த வாய் இரண்டு அறைகளுக்கு இடையிலான உள்வாசலாக மாறிவிடுகிறது. நேற்றுவரை தெருவாசல், இன்றைக்கு அறைக்கதவு. இந்த ஒரு படம் மனதில் இருந்தால் சொல்லின் பொருளை மறக்கவே முடியாது. ஒரே ஓர் அறை மட்டும் உள்ள இனங்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு, அவற்றுக்குப் பெயர் அவ்வளவாகப் பொருந்தாது, ஆனால் பெயர் என்று ஒன்று நிலைத்துவிட்டால் அப்படித்தான்.

1835இல் பிரெஞ்சு உயிரியலாளர் பெலிக்ஸ் டுஜார்டின் உயிருள்ளவற்றைக் கவனித்துப் பார்த்து, உள்ளே கணவாயும் இல்லை, கையும் இல்லை கண்ணும் இல்லை, அமீபாவைப் போன்ற மிக எளிய உயிரிதான் என்று சொன்னார். அது ஒரே ஒரு கலம் என்பது பிறகு தெளிவானது. அந்தக் கலத்திலிருந்து நூல் நூலாகப் போலிக்கால்கள் வெளியே வரும், ஒன்றோடொன்று பின்னி வலை மாதிரி விரியும், உணவைப் பிடிப்பதும் நகர்வதும் அதனால்தான். ஒரு கலம் தனக்கென்று பல அறை உள்ள வீட்டைக் கட்டிக்கொண்டு, அறைகளுக்கு இடையே கதவும் வைத்துக்கொள்கிறது என்பதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இனி அந்த 'டெஸ்ட்'. இது இலத்தீன் 'டெஸ்டா'விலிருந்து வந்தது. டெஸ்டா என்றால் சுட்ட மண், மண்பாண்டம், கூரை ஓடு, பிறகு உயிரிகளின் ஓடு. இப்போது நம்முடைய ஓடு என்ற சொல்லைப் பாருங்கள். கூரையில் போடுவது ஓடு, உடைந்த சட்டித் துண்டு ஓடு, பிச்சை ஏற்கிற பாத்திரம் திருவோடு, ஆமைக்கு ஓடு, முட்டைக்கு ஓடு, நண்டுக்கு ஓடு. இரண்டு மொழியிலும் ஒரே பாதையில் பொருள் நகர்ந்திருக்கிறது. இவ்வளவு பொருத்தமான சொல் கையிலேயே இருக்கும்போது டெஸ்டுக்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டிய தேவை இல்லை, ஓடு என்று எழுதினால் போதும். சிப்பி என்று எழுதாதீர்கள். சிப்பி என்றால் நம் மனதில் இரண்டு பக்கமாகத் திறக்கிற மட்டி வந்து நிற்கும், அது மெல்லுடலி, வேறு உலகம். கூடு என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் பெரிய பிழை இல்லை, ஆனாலும் கூடு என்றால் குடியிருந்துவிட்டுப் பறந்துபோகிற இடம் என்ற எண்ணம் வருகிறது. இது உடலோடு சேர்ந்தது.

எல்லா ஓடும் ஒரே பொருளால் ஆனது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்புப் பொருள். அவற்றில் சில கண்ணாடி மாதிரி, சில பீங்கான் மாதிரிப் பால்வெள்ளை. வேறு சில இனங்கள் தாமே சுண்ணாம்பைச் சுரக்காமல் சுற்றியுள்ள மணல் துணிக்கைகளைப் பொறுக்கி ஒட்டி ஓடு கட்டும். இன்னும் சிலவற்றுக்கு மென்மையான சேதனச் சுவர் மட்டும்தான். அதனால் "பொராமினிபெரா என்பவை சுண்ணாம்பு ஓடுள்ள உயிரிகள்" என்று மொட்டையாக எழுதினால் அரைவாசிதான் சரி. 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல்லைச் சேருங்கள், வரி நிமிர்ந்துவிடும்.

அடுத்து, ஒருமை பன்மை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இது நிஜமான தலையிடி. அங்கே பொராமினிபெரா என்பது பன்மை, கூட்டத்தின் பெயர். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் பொராமினிபர், இல்லாவிட்டால் பொராமினிபெரன். பெயரடையாக வரும்போது பொராமினிபெரல். முழுக் கூட்டத்தின் முறையான பெயராக வந்தால் முதலெழுத்தைப் பெரிதாக எழுதுவார்கள், சும்மா அந்த உயிரிகளைக் குறித்தால் சின்ன எழுத்து. ஆங்கிலத்தில் கடைசியில் இன்னொரு எஸ் சேர்த்துப் பொராமினிபெராஸ் என்று எழுதினால் பிழை, அது பன்மைக்கு மேல் பன்மை.

தமிழில் என்ன செய்வது? இலத்தீன் இலக்கணத்தைத் தமிழுக்குள் இழுத்துவர வேண்டியதில்லை என்பது என் கருத்து. பற்றீரியாவும் அங்கே பன்மைதான், நாம் பற்றீரியாக்கள் என்று எழுதிப் பல காலமாகிவிட்டது, யாருக்கும் குழப்பம் வரவில்லை. அதே வழியில் பொராமினிபெராக்கள் என்று எழுதலாம். ஒன்றைக் குறிக்கும்போது 'ஒரு பொராமினிபெரா உயிரி' அல்லது 'ஒரு பொராமினிபெரா ஓடு' என்று எழுதுங்கள், எதைச் சொல்கிறீர்கள் என்பதும் அதிலேயே தெளிவாகும். வேற்றுமை உருபு ஏற்பதிலும் சிக்கல் இல்லை: பொராமினிபெராவை, பொராமினிபெராவின், பொராமினிபெராக்களில். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லாததால், முழுக் கூட்டத்தையும் சொல்கிற இடத்தில் 'பொராமினிபெரா என்னும் கூட்டம்' என்று ஒரு தடவை எழுதிவிடுங்கள். கணம், வகுப்பு, வருணம் என்று ஏதாவது ஒன்றைத் துணிந்து போட வேண்டாம், ஏனென்றால் இதன் தரம் நூலுக்கு நூல் மாறியிருக்கிறது, கூட்டம் என்றால் எங்கேயும் இடிக்காது.

எழுத்துக்கூட்டல் பற்றியும் கேட்பார்கள். இலங்கையில் ஆய்த எழுத்துப் போடாமல் பொராமினிபெரா என்று எழுதுவது நமக்குப் பழகியது, தமிழ்நாட்டில் ஃபோராமினிஃபெரா என்று எழுதுவார்கள். இரண்டும் சரி. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால்தான் பிழை, தேடுகிறவருக்குப் பாதி கிடைக்கும் பாதி கிடைக்காது. தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்கிறவர்கள் முதல் தடவை 'துளை தாங்கிகள்' என்று பொருளைச் சொல்லிவிட்டுப் பிறகு பொராமினிபெரா என்றே தொடரலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

சுருக்கப் பெயர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். ஆங்கிலத்தில் ஆய்வாளர்கள் பேச்சில் போராம் என்று சுருக்கிச் சொல்வார்கள், எழுத்திலும் வரும். அதைத் தமிழில் எழுதினால் கருத்தரங்கு நடத்துகிற போரத்தோடு குழம்பும், போதாததற்கு நம் பேச்சில் 'நாங்கள் போறம்' என்றால் புறப்படுகிறோம் என்று பொருள். வாசிக்கிறவர் ஒரு கணம் தடுமாறுவார். பேசும்போது சொல்லுங்கள், எழுத்தில் முழுப் பெயரே நல்லது.

சரி, இனி எவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று பார்ப்போம். கடலில் நுண்ணிய ஓடுள்ளவை இவை மட்டும் அல்ல. ரேடியோலேரியாவும் ஒருகல உயிரிதான், ஆனால் அதன் எலும்புச் சட்டம் பெரும்பாலும் சிலிக்கா. டயற்றம் ஒரு பாசி, ஒளித்தொகுப்புச் செய்யும், அதன் சுவரும் சிலிக்கா. கொக்கோலித்தபோர் இன்னொரு பாசி, சுண்ணாம்புத் தட்டுகளால் தன்னைப் போர்த்திக்கொள்ளும், ஆனால் பொராமினிபெராவைவிட மிக மிகச் சின்னது. ஒஸ்ரக்கொட்டு என்பது இறாலின் தூரத்து உறவு, இரண்டு மடல் உள்ள ஓடு, அது உண்மையிலேயே விலங்கு. பொராமினிபெராவை விலங்கு என்று எழுதக் கூடாது, தாவரம் என்றும் எழுதக் கூடாது, பூச்சி என்று எழுதவே கூடாது. ஒருகல உயிரி என்றால் போதும். நுண்ணுயிர் என்று சொல்வதிலும் ஒரு எல்லை இருக்கிறது: பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றரைவிடச் சின்னவை, ஆனால் நுமுலைட் என்ற பழைய வகை நாணயம் போலச் சில சென்ரிமீற்றர் அகலத்துக்கு வளர்ந்தது. எகிப்தின் பிரமிட்டுகளில் அடுக்கியிருக்கும் சுண்ணக்கல்லில் அவை நிறைய இருக்கின்றன. பழங்காலப் பயணி ஸ்ட்ராபோ அவற்றைப் பார்த்துவிட்டு, கட்டியவர்கள் சாப்பிட்டு மிஞ்சிய பருப்பு கல்லாகிவிட்டது என்று அந்த ஊரார் சொன்னதை எழுதி வைத்திருக்கிறார்.

வாழும் இடத்தைச் சொல்ல இரண்டு சொல் தேவைப்படும். நீரில் மிதந்து வாழ்பவை பிளாந்தன் வகை, அடித்தளத்தில் வாழ்பவை அடித்தள வகை. இனங்களின் எண்ணிக்கையில் அடித்தள வகைதான் மிக அதிகம், மிதப்பவை சில பத்து இனங்கள்தான். ஆனால் அந்தச் சில பத்தின் ஓடுகள்தான் இறந்தபின் மழை மாதிரி கீழே விழுந்து ஆழ்கடல் தரையின் பெரும் பரப்பை மூடியிருக்கின்றன. அதற்குக் குளோபிஜெரினா சேறு என்று பெயர். இதிலும் ஒரு கவனம்: சுமார் 4 முதல் 5 கிலோமீற்றருக்குக் கீழே சுண்ணாம்பு ஓடு கரைந்துவிடும், அதனால் "ஆழ்கடல் எங்கும்" என்று எழுதாதீர்கள்.

இந்தச் சொல் நீங்கள் வாசிக்கிற கட்டுரைகளில் எங்கெங்கே வரும் என்று தெரிந்திருந்தால் பொருளைப் பிடிப்பது இலகு. காலநிலைக் கட்டுரையில் வந்தால் பெரும்பாலும் ஒட்சிசன் சமதானி, அதாவது எடை வேறுபட்ட ஒட்சிசன் அணுக்கள், பற்றிய பேச்சாக இருக்கும். ஓடு கட்டும்போது கடல்நீரில் உள்ள ஒட்சிசன் ஓட்டுக்குள் போகிறது, நீர் குளிராக இருந்தால் கனமான ஒட்சிசன் 18இன் பங்கு ஓட்டில் கொஞ்சம் கூடும், துருவங்களில் பனி பெருகிய காலத்தில் கடல்நீரிலேயே அதன் பங்கு கூடியிருக்கும். 1955இல் சேசரே எமிலியானி என்ற விஞ்ஞானி இந்த ஓடுகளை அளந்துதான் பழைய பனியுகங்களின் ஏற்ற இறக்கத்தைக் காட்டினார். இந்த இடத்தில் "பொராமினிபெராக்கள் காலநிலையைப் பதிவு செய்கின்றன" என்று எழுதும் பழக்கம் உண்டு, எனக்கு அது பிடிக்காது, அது குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. "ஓடுகளில் பதிந்திருக்கிறது" என்றால் தமிழும் சரி, விஞ்ஞானமும் சரி. அரபிக்கடலில் குளோபிஜெரினா புல்லொயிடஸ் என்ற இனத்தின் ஓடுகள் அடையலில் கூடினால், தென்மேல் பருவக்காற்று பலமாக வீசி அடிநீரை மேலே கொண்டுவந்த காலம் என்று கணக்கெடுக்கிறார்கள். வைகாசி பிறந்ததும் கொழும்பில் நம் குடைகளைப் பிய்த்துப்போடுகிற அதே காற்றுத்தான்.

எண்ணெய், எரிவாயு பற்றிய கட்டுரையில் வந்தால் அங்கே வேலை வயது சொல்வது. இனங்கள் காலத்தோடு தோன்றி மறைந்திருப்பதால், துளையிடும்போது மேலே வருகிற கற்தூளில் எந்த இனத்தின் ஓடு இருக்கிறது என்று பார்த்து எந்தக் காலத்துப் படை என்று சொல்லிவிடலாம். எலும்பு மாதிரிப் பெரிய உயிர்ச்சுவடு துளைக்கருவியில் நொறுங்கிவிடும், இவை சின்னவை என்பதால் முழுதாகத் தப்பிவரும். சுனாமி ஆய்வில் வந்தால், களப்பு ஒன்றின் சேற்றுக்குள் கடலில் வாழ்கிற இனங்களின் ஓடுகளோடு ஒரு மணற்படை இருப்பது கடல் உள்ளே வந்து போனதற்கான தடயங்களில் ஒன்று என்ற பொருளில் வரும். சுண்ணக்கல் பற்றி வந்தால் நமக்கு மிகக் கிட்ட வந்துவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாடு நிற்கிற சுண்ணக்கல் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலத்தது, அதற்குள் பொராமினிபெராக்களின் உயிர்ச்சுவடுகள் இருக்கின்றன. நம் ஊர்க் கிணறுகளை வெட்டியது இந்தக் கல்லுக்குள்தான்.

எவ்வளவு எழுதினாலும் ஒரு தடவை கண்ணால் பார்த்தவருக்குத்தான் சொல் ஒட்டும். மருமகளுக்கு அதைத்தான் செய்தேன். வெள்ளவத்தைக் கரையில் அலை மோதுகிற இடத்து மணலை அள்ளினால் பெரும்பாலும் குவாட்ஸ் துணிக்கைகள்தான் வரும், தேடிக் களைத்துப்போவீர்கள். முருகைப் பார்களுக்கு அண்மையில், அலை குறைந்த இடத்து வெள்ளை மணல் நல்லது. அக்கா வீட்டுக்கு யாழ்ப்பாணம் போனபோது வடக்குக் கரையிலிருந்து ஒரு வெறும் சித்தாலேபத் தைலப் போத்தல் நிறைய எடுத்துவந்தது என்னிடம் இருந்தது, அவ்வளவு போதும். ஹிக்கடுவை மாதிரித் தேசிய பூங்காவான இடங்களில் எதையும் எடுக்காதீர்கள், முருகைக்கல்லை எங்கேயும் தொடாதீர்கள்.

மணலை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி உப்பைப் போக்கி, கடதாசியில் பரப்பிக் காயவிடுங்கள். அப்புறம் தேயிலை வடியால் சலித்து, கீழே விழுந்த மெல்லிய பகுதியை எடுங்கள். ஆய்வுகூடத்தில் 63 மைக்ரோன் சல்லடை வைத்திருப்பார்கள், வீட்டுக்கு அது தேவையில்லை. ஒரு சிட்டிகையைக் கறுப்புக் கடதாசியில் தூவி, பத்து மடங்கு பெருக்குகிற கைவில்லையால் பாருங்கள், பள்ளிக்கூட நுணுக்குக்காட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது. கால்மணி நேரம் கழித்து மணலுக்கு நடுவில் ஒழுங்கு உள்ள ஒன்று கண்ணில் படும்: நத்தை மாதிரிச் சுருள், கோத்த மணி மாதிரி வரிசை, பருப்பு மாதிரி வட்டு, பீங்கான் மாதிரி வழவழப்பான வெள்ளை. குட்டி நத்தையோ என்று சந்தேகம் வந்தால் அறைகளைப் பாருங்கள். நத்தை ஓடு உள்ளே ஒரே குழாய், தடுப்பு இல்லை. பொராமினிபெரா ஓட்டில் வெளியிலிருந்தே அறைப் பிரிவுகளின் கோடு தெரியும். மெல்லிய தூரிகையின் நுனியை ஈரமாக்கித் தொட்டால் ஓடு ஒட்டிக்கொண்டு வரும், விரலால் எடுத்தால் நொறுங்கும்.

சுண்ணாம்பா சிலிக்காவா என்று தெரிய வேண்டுமா, ஒன்றிரண்டு துணிக்கையில் ஒரு துளி வினாகிரி விடுங்கள். சுண்ணாம்பு ஓடு என்றால் காபனீரொட்சைட்டுக் குமிழ்கள் மெதுவாகக் கிளம்பும், குவாட்ஸ் சும்மா கிடக்கும். சிப்பித் துண்டும் முருகைக்கல்லும்கூடக் குமிழ் விடும், அதனால் வினாகிரி மட்டும் ஆளை அடையாளம் காட்டாது, வடிவமும் சேர வேண்டும். சோதித்த துணிக்கை கரைந்துபோகும், அழகானதில் விடாதீர்கள்.

மருமகள் முதலாவதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் எடுத்தாள், பிறகு பத்து நிமிடத்தில் ஏழு. ஒன்றின் கடைசி அறை உடைந்திருந்தது, உள்ளே அடுத்த அறைக்குப் போகிற வாசல் தெரிந்தது. கைவில்லையை விட்டுக் கண்ணை எடுக்காமலே "மாமா, கோச்சிக் கதவு" என்றாள்.

பிறகு அந்தத் தாளை எடுத்து, கோடு போட்ட வரியை அடித்துவிட்டு மேலே எழுதினாள்: "கடலடி அடையலில் பொராமினிபெராக்களின் ஓடுகள் பெருமளவில் காணப்படுகின்றன." போத்தலில் ஒட்டிய துண்டில் 'பொராமினிபெராக்கள்' என்று எழுதப் போனவள் நிறுத்தி, உள்ளே இருப்பது உயிரா வெறும் ஓடா என்று என்னைக் கேட்டாள். கரையில் காய்ந்து கிடந்த மணல், ஓடுதான் என்றேன். 'பொராமினிபெரா ஓடுகள்' என்று எழுதி, கீழே இடத்தையும் திகதியையும் போட்டாள்.